வரைபடம் வீட்டுவாசலில் தொடங்கட்டும்

கடலோர ஊரில் சமூக அறிவியல் எடுக்கும் ஆசிரியரா நீங்கள்? இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் மாணவர்களோடு ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். சுனாமி வந்தால் எந்த வழியாக, எங்கே, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்வது என்பதை அவர்களே ஒரு டிஜிட்டல் வரைபடமாக வரையட்டும். தனிப் பாடவேளை கேட்டு அலைய வேண்டாம். நிலவரைபடத் திறனும் பேரிடர் மேலாண்மையும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. பல அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. அது இல்லாத இடத்தில் ஒரு மடிக்கணினியும் ஒரு கைப்பேசியும் போதும்.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: கோட்டை எங்கிருந்து தொடங்குவது? பள்ளி வாசலிலிருந்து தொடங்கத்தான் எல்லாருக்கும் கை போகும். ஆனால் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவுக்கு அருகே கடலடி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28க்கு. நாகப்பட்டினத்தில் அலை ஏறியது 9 மணியை ஒட்டி. அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் வீட்டிலும் மணலிலும் இருந்தார்கள்; கைகாட்டி அழைத்துப் போக ஆசிரியர் பக்கத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு மாணவரின் கோடும் அவரவர் வீட்டுவாசலில் தொடங்க வேண்டும். இரண்டாவது கோடு கிரிக்கெட் ஆடும் இடத்திலிருந்து, மூன்றாவது டியூஷன் வீட்டிலிருந்து.

இது வெறும் யோசனை அல்ல என்பதற்கு ஜப்பானின் கமாய்ஷி நகரம் சாட்சி. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஷிதாகா கதாதா அங்குள்ள பள்ளிகளில் பல ஆண்டுகள் சுனாமிப் பயிற்சி கொடுத்துவந்தார். சுனாமி தாக்கிய 2011 மார்ச் 11 அன்று கமாய்ஷி தொடக்கப்பள்ளியின் 184 மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளி முடிந்து வெளியே போயிருந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

இனி லேப் வேலை. கூகுள் மை மேப்ஸ் தொடக்கத்துக்கு எளிது. தமிழிலேயே பெயரிடலாம், அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் ஊரின் சந்துகள் விடுபட்டிருந்தால் மாணவர்களே சேர்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படம் பார்க்கலாம். ஆர்வம் பிடித்துக்கொண்ட பிறகு கியூஜிஐஎஸ் மென்பொருள் பக்கம் போங்கள், அதுவும் இலவசம்தான். முதல் நாளே அதைத் திறந்தால் பாதி வகுப்பு மிரண்டுவிடும்.

வரைபடத்தில் நான்கு விஷயங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். கடற்கரைக் கோடு, ஆறும் உப்பனாறும் வாய்க்காலும், பாலங்கள், உயர்ந்த இடமும் உறுதியான மாடிக் கட்டடமும். இதில் ஆற்றைத்தான் மாணவர்கள் மறப்பார்கள். கடலிலிருந்து ஓடுகிறோம் என்று நினைத்து ஆற்றங்கரைச் சாலையில் ஓடினால், அலை ஆற்றின் வழியே முன்னால் வந்து நிற்கும். பாலத்தைக் கடந்தே தீர வேண்டிய வழியைச் சிவப்பில் போடச் சொல்லுங்கள்.

ஒரு பொறி உண்டு, கவனம். கணினியில் சுட்டியை நகர்த்தினால் ‘உயரம் 6 மீட்டர்’ என்று காட்டும். பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகள் பல, 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்தவை. தென்னந்தோப்பு இருந்தால் மரத்தின் தலையையும் தரையோடு சேர்த்துக்கொள்ளும். சில மீட்டர் பிழை மலைநாட்டில் பெரிதல்ல. நாகை, கடலூர் போன்ற தட்டையான கரையில் அந்தச் சில மீட்டர்தான் எல்லாமே. ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் வெள்ளம் ஏறும் எல்லை குறித்த வரைபடம் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் 2004இல் தண்ணீர் எந்த வீட்டுவரை வந்தது என்று கேட்டு, மாணவர்களையே அந்தப் புள்ளிகளை வைக்கச் சொல்லுங்கள். சில வீடுகளில் அந்தக் கேள்வி அழுகையைக் கிளப்பும். யாரிடம் கேட்பது, யாரை விட்டுவிடுவது என்பதை நீங்கள் முன்கூட்டியே போய்ப் பேசி முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் மேல் ஏற்றாதீர்கள்.

திரையில் போட்ட கோடு பாதி வேலைதான். நடந்து பாருங்கள். கைப்பேசியில் ஜிபிஎஸ் பதிவைப் போட்டுவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். குழுவில் வேகமாக ஓடுபவரின் நேரத்தைக் குறிக்காதீர்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கும் அக்காவின் நேரத்தைக் குறியுங்கள். எத்தனை நிமிடம் கைவசம் இருக்கிறது? ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. சுமத்ரா பக்கம் அதிர்ந்தால் நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஆனால் எச்சரிக்கை காதில் விழாமல், கடல் உள்வாங்குவதைக் கண்ணால் பார்த்துத்தான் ஓடுகிறோம் என்றால் மிஞ்சுவது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடத்துக்குத்தான் வரைபடம் போட வேண்டும்.

வரைந்து முடித்த பிறகு, அதைச் சந்தேகிக்கவும் கற்றுக்கொடுங்கள். எனக்கு இதுதான் பாடத்தின் உயிர். ஜப்பானின் இஷினோமாகியில் ஓகாவா தொடக்கப்பள்ளி கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருந்தது. அபாய வரைபடத்தில் அது வெள்ளம் ஏறாத இடம். பின்னாலேயே மலை. 2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்து அலை வருவதற்குள் ஏறத்தாழ 50 நிமிடம் இருந்தும் பிள்ளைகள் மைதானத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் போய்விட்டார்கள். அதே நாளில் கமாய்ஷியின் உனோசுமாய் பகுதிப் பள்ளிகளும் வரைபடப்படி பாதுகாப்பான இடத்தில்தான் இருந்தன. அங்கே மாணவர்கள் முதலில் குறித்திருந்த இடத்துக்கு ஓடி, அதுவும் போதாது என்று கண்டு இன்னும் மேலே, பிறகு இன்னும் மேலே ஏறினார்கள். அனுமானத்தை நம்பாதே என்பது கதாதா சொல்லிக்கொடுத்த முதல் விதி. எனவே ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ‘இங்கேயும் தண்ணீர் வந்தால்?’ என்று எழுதி, அடுத்த இடத்துக்கு இன்னொரு கோடு போட வையுங்கள்.

அலுவல் விஷயங்களை அலட்சியம் செய்ய வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோரின் கையொப்பம், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு வார்த்தை, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை. மாணவர்களின் வீடுகளை இணையத்தில் பொதுவில் காட்டவே கூடாது. பகிர்வு அமைப்பை நீங்களே சரிபாருங்கள். நடக்க முடியாத தாத்தா இருக்கும் வீடு, கைக்குழந்தை இருக்கும் வீடு போன்றவை அச்சிட்ட படத்தில், பள்ளி அலமாரியில் இருக்கட்டும். அந்தப் படத்தின் ஒரு பிரதி ஊரில் பொறுப்பான ஒருவரிடம்.

இதனால் உங்களுக்கு என்ன? பயிற்சிக் கூட்டங்களில் சொல்வதற்கும் பணிப்பதிவில் காட்டுவதற்கும் கையில் செய்துமுடித்த ஒன்று இருக்கும். ஒடிசாவின் நோலியாசாகி, வெங்கட்ராய்ப்பூர் கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவின் ‘சுனாமிக்குத் தயார்’ அங்கீகாரம் பெற்றன. மக்களுக்குப் புரியும் வெளியேற்ற வரைபடம் அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. உங்கள் மாணவர்கள் போட்ட படம் அப்படியொரு முயற்சிக்கு முதல் படியாகலாம்.

நடைக்கு நாள் குறிக்க நவம்பர் 5 பொருத்தம். அது உலக சுனாமி விழிப்புணர்வு நாள். நம் கரையில் அது வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. ஜூலையில் ஐந்து நிமிடத்தில் கடந்த வாய்க்கால் குறுக்குவழி அன்றைக்கு முழங்கால் சேறாக இருக்கும். மழை விடுமுறை விட்டால் நடையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். வெயில் அடிக்கும் மாதத்துக்குத் தள்ளாதீர்கள். சேற்றில் நடந்த நேரத்தை வேறு நிறத்தில் பதியுங்கள்.