அடிக்காமல் நாய்க்குட்டியைப் பழக்குவோம்



ஆட்டுக்கடன், கோழிக்கடன் வாங்கிய குழுக்களுக்கு நாங்கள் போகும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “அவங்க வீட்டு நாய் எங்க கோழியைப் பிடிச்சிடுச்சு.” கடன் தவணை கட்ட வேண்டிய கோழி போய்விடும். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஒரே குழுவில் இருக்கும் இரண்டு பேர் என்றால் கூட்டத்தில்கூட முகம் பார்க்க மாட்டார்கள். காவலுக்குத்தான் நாய் வளர்க்கிறோம். அதைச் சரியாகப் பழக்குவது எப்படி என்று இந்த மாதம் பார்ப்போம்.

வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? நாய் கோழியை விரட்டிவிட்டு வருகிறது. “தோ தோ, இங்க வா” என்று கூப்பிடுகிறோம். பக்கத்தில் வந்ததும் விளக்குமாற்றால் நாலு போடு போடுகிறோம். கோழியை விரட்டியதற்காக அடித்தோம் என்று நாம் நினைக்கிறோம். நாய்க்குத் தெரிந்தது வேறு. கூப்பிட்டாங்க, வந்தேன், அடி விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த நாள் கூப்பிட்டால் அது தெருக்கோடியில் நின்று வேடிக்கை பார்க்கும். கோழியை விரட்டும் பழக்கமும் போகாது.

காரணம் இதுதான்: தான் ஒன்றைச் செய்த அந்த நொடியில் என்ன கிடைத்ததோ, அதைத்தான் நாய் மனதில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ரஷ்ய நாட்டு விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்து ஆராய்ந்தபோது, சாப்பாடு வரப்போகும் அறிகுறி தெரிந்தாலே அவற்றுக்கு எச்சில் ஊறுவதைக் கண்டார். நம் வீட்டில் சோற்றுச்சட்டி சத்தம் கேட்டதும் நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வருகிறதே, அதே கதைதான். பின்னால் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர், பலன் கிடைக்கும் செயலை எந்த உயிரும் திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை எலி, புறா இவற்றை வைத்துக் காட்டினார்.

முதல் பாடம் “வா”. குட்டி பசியோடு இருக்கும்போது, சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் போதும். வேகவைத்த முட்டையோ, ஈரலோ, நிலக்கடலை அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை “வா” என்று கூப்பிடுங்கள். வந்த உடனே “நல்ல பிள்ளை” என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். எழுந்து உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தால் பலன் இல்லை. இரண்டு நொடிக்குள் வாய்க்குப் போக வேண்டும். வீட்டுக்குள் பழகிய பிறகு கொல்லையில், பிறகு தெருவில். நன்றாகப் பழகியபின் தீனியை எப்போதாவது கொடுத்தால் போதும், பாராட்டு மட்டும் தினமும் இருக்கட்டும்.

“நமக்கே முட்டை இல்ல, நாய்க்கு முட்டையா?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். அதற்கு வைக்கும் களியிலேயே ஒரு உருண்டையை எடுத்துத் துண்டு போட்டுக்கொள்ளலாம். வெங்காயம் சேர்த்த குழம்பு, சாக்லேட், திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு மட்டும் கொடுக்கக் கூடாது.

இனி கோழி விஷயம். குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கோழிகள் மேயும் இடத்துக்குத் தள்ளி உட்காருங்கள். கோழியைப் பார்க்கும். பார்க்கட்டும். தலையைத் திருப்பி உங்களைப் பார்த்த அந்த நொடியில் துண்டைக் கொடுங்கள். கயிற்றை இழுத்து முண்டினால் இன்னும் தள்ளிப் போங்கள். நாலைந்து நாளைக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகருங்கள். பிறந்த 3 வாரத்திலிருந்து 3 மாதம் வரை குட்டி எதையும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். அந்த வயதிலேயே ஆடு, கோழி வாசனைக்குப் பழக்குவது நல்லது. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் முயல் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்டவை. ஓடுவதைத் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் உள்ளது. அவற்றுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். எந்த இனமானாலும் கோழிக்குஞ்சுகளோடு தனியாக விடாதீர்கள்.

நாமே தெரியாமல் கெட்ட பழக்கத்துக்கும் பரிசு கொடுக்கிறோம். குரைக்கிறதே என்று சோற்றைப் போட்டால், குரைத்தால் சோறு என்று படித்துக்கொள்ளும். ஒரு மூச்சு விடும் நேரம் வாயை மூடும்வரை காத்திருந்து பிறகு போடுங்கள்.

உறுமும் நாயை அடிக்கவே கூடாது. உறுமல் என்பது “கிட்ட வராதே” என்ற எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால், அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பிள்ளைகள்தான். சாப்பிடும் நாயிடம் பிள்ளைகளை விடாதீர்கள். 3 மாதத்தில் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள், பிறகு மருத்துவர் சொல்லும் கணக்குப்படி தொடருங்கள். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம்.

“வளர்ந்த நாய்க்கு இதெல்லாம் நடக்குமா?” என்றும் கேட்கிறீர்கள். நடக்கும், நாள் கூடுதலாகும். அடி வாங்கிப் பழகிய நாய் என்றால், முதல் சில நாள் கூப்பிடவே வேண்டாம். நீங்கள் இருக்கும் பக்கம் அது தானாக வரும்போதெல்லாம் ஒரு துண்டைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.