கலங்கிய தொட்டியும் டயாட்டம் மண்ணும்

— மூன்றாம் ஆண்டு மாணவன், கெமிக்கல் பிரிவு

மீன் தொட்டி உள்ள வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "போன ஞாயித்துக்கிழமைதான் தண்ணி மாத்தினேன், அதுக்குள்ள இப்படிக் கலங்கிப் போச்சே!" மூலையில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் குமிழி விட்டபடி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் தண்ணீர் பால் கலந்த மாதிரியோ, பச்சை மை ஊற்றிய மாதிரியோ தெரியும். காரணம் எளிது. ஸ்பாஞ்சின் துளைகள் நூற்றுக்கணக்கான மைக்ரான் அளவு கொண்டவை. நீரைப் பச்சையாக்கும் பாசி உயிரணுக்களோ பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக் கொட்டகைக் கதவு வழியாகக் கொசு பறப்பது போல அவை ஸ்பாஞ்சுக்குள் புகுந்து வெளியே வந்துவிடும்.

இந்த நுண்துகள்களைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நாம் யூனிட் ஆபரேஷன்ஸ் பாடத்தில் 'ஃபில்டர் எய்டு' என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிற பொருள்தான் அது. டயாட்டம் மண்!

என்ன இந்த மண்?

பெயர்தான் மண், உண்மையில் இது கோடானுகோடி உயிர்களின் கூடு. டயாட்டம் என்பது ஒரே உயிரணுவால் ஆன பாசி வகை. தண்ணீரில் கரைந்துள்ள சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூட்டைக் கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு முழுக்கச் சல்லடைத் துளைகள்! பாசி இறந்தபின் கூடு அடியில் படியும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் இப்படிப் படிந்து உருவான படிவங்களை இன்று வெட்டி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து லோம்பாக் இதற்குப் பேர்போன இடம்.

இந்த மண்ணின் சரித்திரம் சுவையானது. ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்திருந்தது இதே மண்தான். 1891-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பெர்க்கஃபெல்ட் இதைச் சுட்டு, குடிநீர் வடிகட்டும் கேண்டில் செய்தார். நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டருக்குள் நிற்கும் கேண்டிலுக்கு அது மூத்த அண்ணன் முறை. இரண்டாம் உலகப் போரில் சீதபேதி உண்டாக்கும் அமீபாவின் கூடுகளைக் குளோரினால் எளிதில் கொல்ல முடியாதபோது, அமெரிக்க ராணுவம் இந்த மண்ணை வைத்துத்தான் தண்ணீரை வடிகட்டியது. நீச்சல் குளத்துக்கும் மீன் தொட்டிக்கும் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

வேலை செய்யும் விதம்

ஃபில்டரில் துணி ஒன்று இருக்கும். ஆனால் வடிகட்டுவது துணி அல்ல. மண்ணைத் தண்ணீரில் கரைத்து அந்தத் துணி வழியாகச் சுற்றவிட்டால், சில நிமிடங்களில் துணிமேல் 2 அல்லது 3 மி.மீ. கனத்துக்கு ஒரு படலம் பிடிக்கும். இதற்கு 'ப்ரீகோட்' என்று பெயர். இந்தப் படலம்தான் உண்மையான ஃபில்டர். கூடுகள் ஒன்றன்மேல் ஒன்று தாறுமாறாக அடுக்கிக்கொள்வதால் படலத்தில் பெரும்பகுதி வெற்றிடமாகவே இருக்கும். அதனால் தண்ணீர் தாராளமாகப் போகும். சில மைக்ரான் அளவுத் துகள்கூட அந்த வளைந்து நெளிந்த பாதையில் சிக்கிக்கொள்ளும்.

நம் ஊரில் கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரைப்பார்கள், படிகாரம் போடுவார்கள். அவை துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் இறக்குபவை. குடத்துக்குச் சரி, ஆனால் படிகாரம் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் மீனுக்கு ஆகாது. டயாட்டம் மண் தண்ணீரின் குணத்தை மாற்றாமல், துகளை மட்டும் பிடித்துக்கொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். மணல், கல் போகச் சுமார் 100 லிட்டர் பிடிக்கும்.

ஃபில்டருக்கு 10 செ.மீ. விட்டம், 25 செ.மீ. நீளமுள்ள உருளை போதும். பக்கவாட்டுப் பரப்பு சுமார் 785 சதுர செ.மீ. சதுர மீட்டருக்கு அரை முதல் ஒரு கிலோ வரை ப்ரீகோட் போடுவது வழக்கம். நடுவாக முக்கால் கிலோ என்று எடுத்தால், நமக்கு வேண்டியது 60 கிராம் மண். நிமிடத்துக்குச் சதுர மீட்டருக்கு 40 முதல் 80 லிட்டர் வரை ஓட்டலாம். அதாவது நம் ஃபில்டரில் மணிக்கு 190 முதல் 375 லிட்டர். நாம் 250 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் 100 லிட்டரும் 24 நிமிடத்தில் சுத்தமாகிவிடுமா? ஆகாது! வடிகட்டிய நீர் திரும்பவும் அதே தொட்டியில்தானே கலக்கிறது? தொட்டியின் கொள்ளளவு ஒருமுறை சுற்றியபின் 37 சதவீதக் கலங்கல் மிச்சமிருக்கும். இரண்டு சுற்றில் 14 சதவீதம், மூன்றில் 5, ஐந்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஐந்து சுற்றுக்கு இரண்டு மணி நேரம். "பத்து நிமிஷம் ஓட்டினேன், ஒண்ணும் ஆகலை" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

அடுத்து, பம்ப் தள்ளுமா? இங்கே டார்சி விதி கைகொடுக்கும். ஊடுருவுதிறன் ஒரு டார்சி உள்ள ஃபில்டர் கிரேடு மண்ணில், 2.5 மி.மீ. படலத்தைத் தாண்ட 22 செ.மீ. ஹெட் போதும். ஏர் கூலர் மோட்டார் 1.8 மீட்டர் வரை தூக்குவதால் கவலையில்லை. ஆனால் சூளையில் சுடாத இயற்கை மண் மிக நைசானது. அதன் ஊடுருவுதிறன் இருபதில் ஒரு பங்கு என்றால் வேண்டிய ஹெட் 4 மீட்டரைத் தாண்டிவிடும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பூச்சிக்குத் தூவ விற்கும் மண்ணை வாங்கிவந்து, "ஃபில்டர் சரியில்லை" என்று குறை சொல்லாதீர்கள்.

செய்யும் முறை

1. நாலு அங்குல பி.வி.சி. பைப் 25 செ.மீ. வெட்டி, சுற்றிலும் துளை போடுங்கள். இரு முனையிலும் மூடி. மேல் மூடியில் தண்ணீர் வெளியேற ஒரு நிப்பிள்.

2. பைப்பின்மேல் பிளாஸ்டிக் கொசுவலை இரண்டு சுற்று. இல்லாவிட்டால் துணி துளைகளின்மேல் ஒட்டிக்கொண்டு, முழுப் பரப்பும் வேலை செய்யாது. அதற்குமேல் நெருக்கமான பாலியெஸ்டர் துணி உறை. இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

3. இதை வாயகன்ற, கனமான பிளாஸ்டிக் ஜாடிக்குள் வைத்து, ரப்பர் வாஷருடன் மூடியை இறுக்குங்கள். தண்ணீர் ஜாடிக்குள் வந்து, வெளியிலிருந்து துணி வழியாக உள்ளே போய், நிப்பிள் வழியாக வெளியேற வேண்டும். கண்ணாடி ஜாடி வேண்டாம்.

4. தொட்டியின் பக்கத்தில் ஒரு உயரமான வாளி. வாளியின் விளிம்பு தொட்டியின் நீர்மட்டத்தைவிட மேலே இருக்கட்டும். கூலர் மோட்டார் வாளிக்குள்.

5. வாளியில் தொட்டி நீரை ஊற்றி, கரைத்த மண்ணைச் சேர்த்து, வெளிவரும் குழாயையும் வாளிக்குள்ளேயே விட்டு ஓட்டுங்கள். முதலில் பால் போல வரும். பிறகு பளிச்சென்று தெளியும். படலம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

6. இப்போது தொட்டிக்கும் வாளிக்கும் இடையே முக்கால் அங்குலக் குழாயில் சைஃபன் போட்டு, மோட்டாரை நிறுத்தாமலே வெளிக்குழாயைத் தொட்டிக்கு மாற்றுங்கள். சைஃபன் இரண்டு மட்டங்களையும் தானே சமன் செய்துகொள்ளும். வாளி நிரம்பி வழிய வழியே இல்லை.

7. வெளிக்குழாயில் கிளிப் போட்டு, ஒரு லிட்டர் குவளை 14 விநாடியில் நிரம்பும்படி வேகத்தைச் சரிசெய்யுங்கள். அது பாதியாகக் குறைந்தால் படலம் அடைத்துவிட்டது. கழற்றிக் கழுவிப் புது மண் போடவேண்டும்.

சைஃபன் வாயில் ஸ்பாஞ்ச் துண்டு கட்டினால் குஞ்சு மீன்கள் தப்பிக்கும். மோட்டாருக்கு எர்த் அவசியம். பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

கரண்ட் போனால்?

இதுதான் நம்ம ஊர்க் கேள்வி. ப்ரீகோட் படலத்தைத் துணியோடு ஒட்டவைத்திருப்பது பசை அல்ல. தண்ணீரின் அழுத்தம் மட்டுமே. கரண்ட் போச்சுன்னா படலம் சரிந்து ஜாடி அடியில் விழுந்துவிடும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடினால், மீண்டும் படலம் பிடிக்கும்வரை மண்ணும், பிடித்துவைத்த அழுக்கும் நேராகத் தொட்டிக்குள் போகும்!

ஆகவே கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்கி, சைஃபனைக் கிளிப் போட்டு அடையுங்கள். கரண்ட் வந்தபின் வெளிக்குழாயை வாளிக்கு மாற்றி, தெளிந்த நீர் வரும்வரை ஓட்டி, அப்புறம் தொட்டிக்கு விடுங்கள். ஆள் இல்லாத வீட்டில் இந்த ஃபில்டரை ஓட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இது செய்யாத வேலை

என் சித்தப்பா சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீன் குஞ்சு வளர்த்து விற்பவர். ஒரு தொட்டி செத்தால் அவருக்கு அந்த மாத வாடகை போன மாதிரி. ஒருமுறை டயாட்டம் ஃபில்டர் ஓட்டித் தண்ணீர் பளிங்காகிவிட்டது என்று, பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டார். "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சுப்பா. நாலாம் நாள் காலையில பாத்தா, ஏஞ்சல் குஞ்சு பூரா மேல மிதக்குது" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் கம்மிவிட்டது.

நடந்தது என்ன? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது கரைந்த பொருள். எந்தப் படலமும் அதைப் பிடிக்காது. ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. ஸ்பாஞ்ச் காய்ந்தால் அவை செத்தன, பின்னாலேயே மீன்களும். தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு. டயாட்டம் ஃபில்டர் வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டும் மெருகு வேலைக்காரன். அன்றாட ஃபில்டரும், பகுதி பகுதியாகத் தண்ணீர் மாற்றுவதும் எப்போதும் போல நடக்கவேண்டும்.

வெள்ளைப்புள்ளி நோய்க்கும் இதே எச்சரிக்கை. அந்தக் கிருமியின் நீந்தும் குட்டிகள் 30 முதல் 50 மைக்ரான் இருக்கும். அவற்றை இது பிடிக்கும். மீனின் தோலுக்குள் இருப்பதையும், அடியில் கூடுகட்டிப் பெருகுவதையும் தொடாது. ஆகவே இது சிகிச்சைக்குத் துணை, சிகிச்சை அல்ல. பச்சை நீரும் அப்படித்தான். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தால் பாசி திரும்ப வரும்.

நம் நெஞ்சுக்கும் கவனம்

ஃபில்டர் கிரேடு மண்ணை அதிக வெப்பத்தில் சுட்டுத் தயாரிக்கிறார்கள். அந்தச் சூட்டில் சிலிக்காவின் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற படிக வடிவமாக மாறிவிடும். இந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். நுரையீரலில் ஏற்படும் அந்தத் தழும்பு ஆறுவதில்லை. சுவாசிக்கப்படும் படிகச் சிலிக்காவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் வகைப்படுத்தியது. தண்ணீரில் நனைந்தபின் பயமில்லை. உலர்ந்த தூள்தான் எமன். வீட்டுக்குள் டப்பாவைக் கொட்டாதீர்கள். வெளியே, காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்று, நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்து, கரண்டியால் மெதுவாக எடுத்துத் தண்ணீருக்குள் இறக்குங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்த மண்ணைச் சாக்கடையில் கொட்டினால் படிந்து அடைக்கும். ஈரமாகவே செடிக்குழியில் புதைத்துவிடுங்கள்.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சர்க்கரை ஆலை, மருந்து ஆலை, குடிநீர் நிலையம் என்று வேலைக்குப் போவோம். அங்கே ப்ரீகோட் ஃபில்டர் ஆள் உயரத்துக்கு நிற்கலாம். மண் மூட்டை மூட்டையாக வரலாம். தத்துவம் இந்த ஜாடிக்குள் இருப்பதேதான். அந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டும் தொழிலாளியின் மூக்கில் கவசம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் நம் டிப்ளமாக்காரராக இருக்கட்டும்.