வீட்டுக் கணினிக்கு எந்த இலவச மென்பொருள்?

கணினி வாங்கும்போது கடைக்காரரிடம் நம்மில் பலர் கேட்பது, "எல்லாம் போட்டுக் கொடுத்துடுவீங்களா?" என்பதுதான். அந்த 'எல்லாம்' பெரும்பாலும் கிராக் செய்த எம்எஸ் ஆபீஸும் போட்டோஷாப்பும். பூட்டை உடைத்த மென்பொருள் வேலை செய்ய வேண்டுமென்றால், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் பாதுகாப்பை முதலில் அணைத்து வைக்கச் சொல்வார்கள். கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் வீட்டுக்குள் நுழைய இதைவிட எளிய வழி கிடையாது. அதே கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், பிள்ளைகள் பள்ளிப் பாடம் படிக்கிறார்கள்.

இந்த ஆபத்து எதற்கு? ஒரு குடும்பத்துக்குத் தேவையான வேலைகளை ஏழெட்டு மென்பொருள்கள் முடித்துவிடும். அவை அனைத்தும் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன.

எங்கிருந்து எடுப்பது?

மென்பொருளின் பெயரைக் கூகுளில் தேடினால், மேலே வருபவை சில நேரம் விளம்பரங்கள். அசல் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலித் தளங்களும் அங்கே இடம்பிடிக்கின்றன. அதனால் விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்துக்குப் போய், அங்கே கொடுத்திருக்கும் அதிகாரப்பூர்வ இணைப்பின் வழியாகப் பதிவிறக்குங்கள். நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படியுங்கள். கூடவே வேறொன்றையும் சேர்க்கட்டுமா என்று கேட்டால், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். தனியாக ஆன்டிவைரஸ் தேட வேண்டாம். டிஃபெண்டரை அணைக்காமல், விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

கடிதம், கணக்கு, பாடம்

எம்எஸ் ஆபீஸின் இடத்தில் லிப்ரெஆபீஸை வையுங்கள். ஓப்பன்ஆபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்த இதை, தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. வேர்டுக்கு ரைட்டர், எக்செலுக்கு கால்க், பவர்பாயின்ட்டுக்கு இம்ப்ரெஸ்.

நிறுவியதும் இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுங்கள். முதலாவது, டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லோட்/சேவ், அதில் ஜெனரல் என்று போய், கோப்புகள் எப்போதும் வேர்டு வடிவத்திலேயே சேமிக்கப்படும்படி மாற்றுங்கள். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பும் கோப்பு அங்கே சிக்கலின்றித் திறக்கும். இரண்டாவது, அதே ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்துருவை லிப்ரெஆபீஸ் ஆங்கில எழுத்துருவிலிருந்து தனியாகக் கையாள்கிறது. எழுத்துரு மாற மறுக்கிறது, அளவு மாறவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இந்த ஒரு அமைப்புதான்.

கட்டங்களும் படங்களும் நிறைந்த வேர்டு கோப்பு இதில் சற்று இடம் மாறித் தெரியலாம். பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும்போது எப்போதும் பிடிஎஃப் ஆக மாற்றியே கொடுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே அடங்கிவிடுவதால் தமிழ் எழுத்து உடையாது.

தமிழில் தட்டச்சு

விண்டோஸ் 11-இல் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். பிறகு விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம். பழைய தட்டச்சு முறையில் பழகியவர்களுக்கு என்எச்எம் ரைட்டர், இகலப்பை ஆகியவை உதவும். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99-ஐயே பழக்குங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற முறை அது. உயிரெழுத்து இடக்கைக்கும் மெய்யெழுத்து வலக்கைக்கும் பிரிந்திருப்பதால் விரல்கள் சீக்கிரம் பழகிவிடும்.

விண்ணப்பங்களும் படங்களும்

அரசுத் தேர்வுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் விண்ணப்பிக்கும்போது, புகைப்படம் இத்தனை கேபி-க்குள் இருக்க வேண்டும், சான்றிதழ்கள் ஒரே பிடிஎஃப் ஆக வேண்டும் என்று கேட்பார்கள். உடனே இணையத்தில் கண்ட தளத்தில் ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் ஏற்றிவிடுகிறோம். ஏற்றிய கோப்பு யாருடைய சர்வரில், எத்தனை நாள் இருக்கும் என்பது நம் கையில் இல்லை. இந்த வேலையை வீட்டுக் கணினிக்குள்ளேயே முடிக்கலாம். பிடிஎஃப்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் பிடிஎஃப்சாம் பேசிக். படத்தைச் சிறிதாக்க இர்ஃபான்வியூ. இர்ஃபான்வியூ வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடை நடத்துபவர்கள் உரிமம் வாங்க வேண்டும். படத்தில் நுணுக்கமாகத் திருத்தம் செய்ய விரும்புபவர்கள் ஜிம்ப் கற்கலாம்.

பார்க்க, கேட்க, உலவ

கல்யாண வீடியோவோ பழைய பாட்டோ, எந்த வடிவத்தில் இருந்தாலும் விஎல்சி திறந்துவிடும். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டம் இது. விளம்பரமும் இல்லை, உளவும் இல்லை. சுருக்கிய கோப்புகளைப் பிரிக்க 7-ஜிப் போதும். இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸை வைத்து, அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேருங்கள். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மிரட்டும் போலி விளம்பரங்களில் பெரும்பாலானவை பெரியவர்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

கடவுச்சொல்லுக்கு ஒரு பெட்டகம்

எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தால், ஒரு தளத்திலிருந்து அது கசிந்தாலே மற்ற எல்லாம் திறந்துவிடும். கீபாஸ்எக்ஸ்சி உங்கள் கடவுச்சொற்களை மறைகுறியாக்கி ஒரே கோப்பில், உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்கிறது. கைபேசியிலும் கணினியிலும் ஒருசேர வேண்டுமென்றால் பிட்வார்டனின் இலவசத் திட்டம் வசதி. எதைத் தேர்ந்தாலும் அதைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால், உள்ளே இருப்பதை மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதை ஒரு தாளில் எழுதி, நகை, பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

காப்பு நகல் எடுக்காமல் தூங்காதீர்கள்

ஹார்ட் டிஸ்க் என்றாவது ஒருநாள் கெட்டுப்போகும். அதற்குள் இருக்கும் குழந்தைப் படங்களைக் காசு கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கி, ஃப்ரீஃபைல்சிங்க் கொண்டு வாரம் ஒருமுறை நகலெடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: 'மிரர்' முறையைத் தேர்ந்தால், கணினியில் தவறுதலாக அழித்த படம் நகலிலிருந்தும் நீக்கப்படும். 'அப்டேட்' முறை புதியதையும் மாறியதையும் மட்டும் சேர்க்கும், எதையும் அழிக்காது. குடும்பப் படங்களுக்கு அதுவே சரி. வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கணினியிலேயே செருகியிருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இன்னொரு நகல் உறவினர் வீட்டில் இருந்தால், திருட்டும் வெள்ளமும் வந்தாலும் கவலையில்லை.

பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளால் நல்ல நிலையில் இருக்கும் பல கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாற முடியாமல் நிற்கின்றன. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் நன்றாக ஓடும். இருப்பது 2 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

நிறுவும் முன்பே சோதித்துப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் முதலில் அதைக் காலிசெய்துகொள்ளுங்கள். வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும்போது முழு டிஸ்க்கையும் கொடுத்தால் பழையதெல்லாம் போய்விடும். காப்பு நகல் இல்லாமல் கை வைக்காதீர்கள். டாலி ஓட்டுபவர்களுக்கும், டிஜிட்டல் கையொப்ப டோக்கனை நம்பி வேலை செய்பவர்களுக்கும் விண்டோஸே ஏற்றது. எழுத, படிக்க, உலவ, படம் பார்க்க மட்டும் கணினி வைத்திருக்கும் வீட்டுக்கு மின்ட் தாராளம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் காப்பு நகல், அடுத்து கிராக் மென்பொருளை நீக்குவது, பிறகு ஒவ்வொன்றாகப் புதியவை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். இவற்றில் பலவற்றைத் தன்னார்வலர்கள் உழைத்து எழுதுகிறார்கள், வாசகர்களைப் போன்றவர்கள் தரும் நன்கொடையில் அவை வளர்கின்றன. கிராக் போட்டுத் தரக் கடையில் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, உங்களுக்கு மிகவும் பயன்படும் ஒரு மென்பொருளுக்கு அனுப்புங்கள்.