சுவிட்சும் ரவுட்டரும்: கைப்பழக்கம் பற்றிய ஒரு பாடம்



நம்மவர்களில் பலர் தம் மக்களைக் கம்ப்யூட்டர் வலையமைப்புத் துறையில் பயிற்றுவிக்க முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. வகுப்புக்கும் தேர்வுக்கும் கட்டணம் செலுத்துவதில் அவர்கள் சற்றும் தயங்குவதில்லை. ஆயினும், பையன் பெற்ற சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பிறகும், கடையில் பில் போடும் இயந்திரத்தின் இணைப்பு அறுந்தால் வெளியாளைத்தானே அழைக்க வேண்டியிருக்கிறது என்று ஜவுளிக்கடை அன்பர் ஒருவர் நம்மிடம் மனம் நொந்து கேட்டார். படித்தது கைக்கு இறங்கவில்லை என்பதே நாம் அறிந்த காரணம்.

சிஸ்கோ கம்பெனியின் சி.சி.என்.ஏ. தேர்வை எடுத்துக்கொள்வோம். 200-301 என்னும் எண்ணுடைய தேர்வு 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நேரம் 120 நிமிடம்; சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். கட்டளைகளைத் தட்டெழுதிச் செய்து காட்ட வேண்டிய வினாக்களும் அதில் வருவதுண்டு. தேர்வில் வந்த வினாக்கள் என்று விடையோடு விற்கப்படும் தொகுதிகளை வாங்கி மனனம் செய்வோர் இருக்கிறார்கள். இது தேர்வின் ஒப்பந்தத்துக்கே விரோதம். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும். கள்ளத் தராசு வைக்க மனம் ஒப்பாத வணிகர், தம் பிள்ளை இவ்வழியில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 'பாக்கெட் டிரேசர்' என்னும் பயிற்சி மென்பொருளைச் சிஸ்கோ தன் கல்விப் பிரிவின் மூலம் இலவசமாகவே தருகிறது. மடிக்கணினித் திரையில் சுவிட்சுகளையும் ரவுட்டர்களையும் வைத்து, கம்பி இழுத்து, கட்டளை எழுதிப் பழகலாம். இயன்றவர்கள் பழைய 2960 ரகச் சுவிட்சு ஒன்றையும் ஒரு ரவுட்டரையும் வாங்கிக்கொள்வது நலம். (3560 ரகம் கிடைத்தால் டிரங்க் இணைப்பில் ஒரு கட்டளை கூடுதலாக வேண்டும், அங்கே தடுமாறாதவர் குறைவு.) உண்மையான சாதனம் சிலவற்றைத் தானே கற்பிக்கும். கம்பியைச் சொருகியதும் விளக்கு ஏறக்குறைய முப்பது விநாடி மஞ்சளாகவே நிற்கும். சுழல் பாதை ஏதும் உண்டா என்று சுவிட்சு சோதித்துப் பார்க்கும் நேரம் அது. அறியாத பையன் கம்பி கெட்டுவிட்டதென்று பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவான். முப்பது விநாடி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஓர் உணவுக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் இயந்திரம் இரண்டு, வாடிக்கையாளருக்கு வைஃபை, எல்லாம் ஒரே சுவிட்சில். தேநீர் அருந்த வந்த எவரும் கல்லாவின் கணக்கு இருக்கும் இடம்வரை எட்டிப் பார்க்கலாம் என்பதுதான் இதன் பொருள். இதற்கே வி-லேன் என்னும் ஏற்பாடு. ஒரே கட்டடத்தில் தட்டி வைத்து இரண்டு கடையாகப் பிரிப்பதற்கு ஒப்பானது.

சுவிட்சில் வி-லேன் 10 கல்லாவுக்கு, 20 வாடிக்கையாளருக்கு என்று உண்டாக்குங்கள். பில் இயந்திரங்களின் துளைகளை 10இலும், வைஃபைப் பெட்டியின் துளையை 20இலும் சேருங்கள். ரவுட்டருக்குப் போகும் துளையை 'டிரங்க்' ஆக்குங்கள். இரண்டு வி-லேன்களின் சரக்கும் அந்த ஒரே கம்பியில் அடையாளச் சீட்டோடு போய்வரும். ரவுட்டரில் அந்தத் துளையை இரண்டு கிளையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முதலில் வி-லேன் எண்ணையும், பிறகு முகவரியையும் கொடுக்க வேண்டும். 10க்கு 192.168.10.1, 20க்கு 192.168.20.1 என்று வைத்துக்கொள்வோம். இந்த வரிசையை மாற்றினால் ரவுட்டர் ஏற்காது.

இவ்வளவும் செய்த பின் ஒன்றும் வேலை செய்யவில்லையா? பெரும்பாலும் 'நோ ஷட்டவுன்' என்ற கட்டளை விடுபட்டிருக்கும். சுவிட்சின் துளைகள் திறந்தபடியே வரும். சிஸ்கோ ரவுட்டரின் துளைகளோ பூட்டியபடி வரும்.

இந்த இடத்தில் ஒரு பிழையைப் பலர் கவனிப்பதில்லை. தட்டி வைத்துப் பிரித்தோம். ஆனால் ரவுட்டர் என்னும் வாசலைத் திறந்தும் வைத்துவிட்டோம். வாடிக்கையாளரின் கைப்பேசி இப்போதும் ரவுட்டர் வழியாகக் கல்லாவுக்குப் போகலாம். ஆகவே வாசலில் காவலாளி வேண்டும். 192.168.20.0 என்ற கூட்டத்திலிருந்து 192.168.10.0க்குப் போவதைத் தடு என்று ஒரு வரி. மற்றவற்றை விடு என்று அடுத்த வரி. இந்தப் பட்டியலை வாடிக்கையாளர் கிளையில் உள்ளே வரும் பக்கமாகப் பொருத்த வேண்டும். இரண்டாம் வரியை எழுத மறந்தால், பட்டியலின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தடையுத்தரவு எல்லாவற்றையும் நிறுத்திவிடும்; வாடிக்கையாளருக்கு இணையமே வராது.

அடுத்தது சேமிப்பு. நாம் எழுதும் கட்டளைகள் உடனே நடைமுறைக்கு வந்தாலும், அவை இருப்பது சிட்டையில்தான். பேரேட்டில் ஏற்ற 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' என்று தனியே கட்டளையிட வேண்டும். மின்சாரம் ஒருமுறை போய்வந்தால் சிட்டை வெறுமையாகிவிடும். பயிற்சியின்போது வேண்டுமென்றே மின்கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. இரண்டு மணி நேர வேலையை ஒருமுறை இழந்தவன் பிறகு மறப்பதில்லை.

நாமே பட்ட அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கடையின் பெயர் வேண்டாம். அக்கடையின் ஏற்பாட்டை அப்படியே நம் பயிற்சிச் சுவிட்சில் நகலெடுத்து, பல நாள் வி-லேன்களை உண்டாக்குவதும் அழிப்பதுமாகப் பழகிவந்தோம். ஒரு சனிக்கிழமை கடையில் துளைகள் போதவில்லை என்று கேட்டு, அந்தச் சுவிட்சையே கொண்டுபோய் மாட்டினோம். மறுகணம் எல்லாக் கல்லாவும் நின்றன. வி-லேன் பட்டியலைச் சுவிட்சுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வி.டி.பி. என்ற முறை உண்டு. குழுப் பெயர் ஒன்றாக இருந்தால், திருத்த எண் அதிகமான பட்டியலே புதியது என்று மற்றவை ஏற்கும். பழகிப் பழகி நம் சுவிட்சின் திருத்த எண் ஏறியிருந்தது. அதன் காலிப் பட்டியலைக் கடை முழுவதும் ஏற்றுக்கொண்டது. வரிசையில் நின்ற வாடிக்கையாளர் பலர் துணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவே நமக்குப் பெரிய தண்டனை.

புத்தகத்தில் இதைப் படித்திருந்தோம் என்பதுதான் வெட்கம். பழைய சுவிட்சை வாங்கியதும் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கை மட்டும் அழித்தால் போதாது. வி-லேன் பட்டியல் 'வி-லேன் டாட்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது, அதையும் அழிக்க வேண்டும். பிறகு வி.டி.பி.யை 'டிரான்ஸ்பரன்ட்' நிலைக்கு மாற்றினால் திருத்த எண் பூஜ்யமாகும்.

தந்தைமாருக்கு ஒரு வேண்டுகோள். தொழில்நுட்பம் தெரியாவிட்டாலும் நீங்கள் பரீட்சை வைக்கலாம். பையன் பயிற்சி ஏற்பாடு முழுவதையும் முடித்து, சேமித்து, இஷாத் தொழுகைக்குப் போயிருக்கும்போது ஒரு கம்பியைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிச் சொருகிவையுங்கள். திரும்பி வந்ததும், "பில் இயந்திரம் நின்றுவிட்டது தம்பி, பார்" என்று மட்டும் சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் நாள் அரைமணி ஆகலாம். பத்தாம் நாள் ஐந்து நிமிடத்துக்குள் அவன் கை அந்தக் கம்பிக்குப் போனால், தேர்வுக்குப் பணம் கட்டலாம்.