இனிப்பு எங்கே போனது?

மொட்டை மாடியில் நிழல்வலைக்குள் வளர்த்த செர்ரி தக்காளி போன வருடம் தேனாய் இனித்தது. அதன் விதையையே போட்டேன். இப்போது ஒரு செடி இனிக்கிறது, ஒன்று புளிக்கிறது, இன்னொன்றில் தோல் முரடு. மண்ணில் கோளாறா?
- வாசகி, பாண்டுப், மும்பை

மண்ணைத் திட்டாதீர்கள். நீங்கள் முதலில் வாங்கியது எஃப்-1 வீரிய ஒட்டு விதையாக இருக்கும். அதன் பழத்து விதையில் தாத்தா, பாட்டி குணமெல்லாம் பிரிந்து, செடிக்கொரு கலவையாக வரும். இனிப்பு, புளிப்பு, தோல் எல்லாம் பல மரபணுக்களின் கைவரிசை.

இனிக்கிற செடியில் ஒரு நூலைக் கட்டுங்கள். விதையை அதிலிருந்து மட்டும் எடுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், ஆறேழு தலைமுறையில் குணம் நிலைத்துவிடும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் வருடாவருடம் புது விதைதான். பழுக்கும் சமயத்தில் தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் எந்த ரகமும் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும்.

புளிப்புச் செடியைப் பிடுங்க வேண்டாம், ரசத்துக்கு ஆகும்.