படுகளம் தெரிந்த கதை

அன்புள்ள அம்மிணி,

‘முஃபாசா’ பார்த்துவிட்டு வந்து, “பழைய லயன் கிங் அளவுக்கு இது வந்திருக்குதுங்களா பெரியப்பா?” என்று கேட்டாய். வரவில்லை. கோவையில் அனிமேஷன் வேலை பார்க்கிறவளுக்கு இந்த ஒரு சொல் போதாது. நாளைக்கு உன் மேசைக்கும் ஒரு முன்கதை வேலை வரலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

1994 படத்தில் பள்ளத்தாக்கில் மந்தை மிரண்டு ஓடும் காட்சி இரண்டரை நிமிடம். அதற்குக் கணினிக் குழு இரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்தது. ஆனால் நமக்கு மறக்காமல் இருப்பது மந்தையா? செத்துக் கிடக்கும் அப்பன் முஃபாசாவின் காதைக் கடித்து இழுத்துப் பார்க்கிறது குட்டி. அசைவில்லை. பிறகு அந்தக் கனத்த முன்னங்காலுக்கு அடியில் தானே நுழைந்து படுத்துக்கொள்கிறது. அந்த நொடிக்கு வசனமே வேண்டியிருக்கவில்லை.

2024 டிசம்பரில் பேரி ஜென்கின்ஸ் இயக்கி வந்த முன்கதையான ‘முஃபாசா’வில் பிடரி மயிர் ஒவ்வொன்றும் நிஜம். முகம்தான் பேசவில்லை. பழைய படத்தில் கையால் வரைந்த வில்லன் ஸ்காருக்குப் புருவம் ஏறி இறங்கியது. நிஜச் சிங்கத்துக்கு ஏது புருவம்? தமிழில் அர்ஜுன் தாஸும் அசோக் செல்வனும் கொடுத்த குரல்கள்தான் பல இடங்களில் அந்தக் குறையைச் சுமக்கின்றன.

இன்னொரு குறை, எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது. குரங்கு ரஃபிகியின் கோல் எப்படிக் கிடைத்தது, ஸ்காருக்குத் தழும்பு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்க்கிறார்கள். யாரும் கேட்காத கேள்விகளுக்கு எதற்குப் பதில்?

ஆனால் ஒன்றை மட்டும் கற்றுக்கொள். வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட அநாதைக் குட்டி முஃபாசாவை முதலைகளிடமிருந்து தன் தாயோடு சேர்ந்து காப்பாற்றுகிறவன் டாக்கா. பிற்பாடு ஸ்கார் ஆகப்போகிறவன் அவனேதான். இதைப் பார்த்துவிட்டுப் பழைய படத்தைப் போட்டுப் பார். பாறை விளிம்பில் தொங்கும் அண்ணனின் கால்களில் நகத்தைப் பதித்துக் கீழே தள்ளுகிறானே, அந்த இடம் முன்னைவிட அதிகம் வலிக்கும். முன்கதையின் வேலை இது ஒன்றுதான். அதைச் சாதித்த படம், டாக்கா மாறுவதை மட்டும் ஒரு காதல் பொறாமையில் அவசரமாக முடித்துவிட்டது.

நம் ஊர் உடுக்கடிக்காரர் இந்த இடத்தில் அவசரப்படமாட்டார். அண்ணன்மார் கதை கேட்க உட்கார்ந்த அத்தனை பேருக்கும் பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாவார்கள் என்று தெரியும். ஆனாலும் அவர் அண்ணன்மாரின் தாத்தா காலத்திலிருந்துதான் தொடங்குவார். பிள்ளைக்காக அவர்களின் தாய் தாமரை தவம் கிடந்ததை ஆற அமரப் பாடுவார். அந்தத் தவத்தைக் கேட்டவர்களுக்குத்தான் படுகளத்தில் தொண்டை அடைக்கும். 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை நாடாவில் பதிவு செய்தார்; பிற்காலத்தில் அதை 26 பாக அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். தேடிப் பார். உன் தொழிலுக்கு நம் ஊர்க் கதை புதிதல்ல.

முடிவு தெரிந்த கதையில் ‘அடுத்து என்ன’ என்று யாரும் கேட்கமாட்டார்கள். ‘ஐயோ, இவனா’ என்று பதறுவார்கள். அந்தப் பதற்றத்துக்கு இடம் கொடு. கோலுக்கும் தழும்புக்கும் கொடுக்காதே.

முகம் பேசாத மிருகத்தை எப்படி நடிக்க வைப்பது என்றும் கேட்டிருந்தாய். அடுத்த முறை ஊருக்கு வரும்போது நோட்டை எடுத்து வா. திம்பம் ஏறி ஆசனூர் தாண்டி, காரப்பள்ளம் சோதனைச்சாவடி வரை பஸ்ஸில் போகலாம். கரும்பு லாரிக்காக அங்கே யானை காத்து நிற்பதுண்டு. பஸ் நிற்கிற ஐந்து நிமிடமும் அதன் காதை மட்டும் வரை.

அன்புடன்,
பெரியப்பா
சத்தியமங்கலம்