பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் பதுளைக் காணியும்

பிரான்சில் வீடு வாங்கப் போனால் நீங்கள் எந்த நாட்டவர் என்று சட்டம் கேட்பதில்லை. பணமோ வங்கிக் கடனோ இருந்தால், இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே பாரிஸ் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கிவிடலாம். பதுளையில் கதை வேறு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவரின் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் நடந்த மாற்றங்களையும் அது பிடித்துக்கொள்ளும். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, பதுளை டவுனில் படித்து வளர்ந்தவராக இருந்தாலும், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விடுகிறது. அதன்பின் அந்தச் சட்டத்துக்கு நீங்களும் வெளிநாட்டவர்தான்.

இது மலையகத்தாருக்குப் புதிய அனுபவமல்ல. 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்குபோட்டது. மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003 இல் வந்த சட்டத்தோடுதான் தீர்ந்தது. அந்தக் குடும்பங்களிலிருந்து போன ஒரு பிள்ளை இன்று தானாகவே வெளிநாட்டவராகி, ஊரில் பத்துப் பேர்ச் வாங்க வழி கேட்கிறது. பிரான்சிலுள்ள இலங்கைத் தமிழரில் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவர்களே அதிகம், நம்மவர்கள் குறைவு. அதனால் பாரிசின் லாச்சப்பல் கடைத்தெருவில் கிடைக்கும் ஆலோசனை யாழ்ப்பாணத்துக் காணியை மனதில் வைத்துச் சொல்லப்படுவதாகவே இருக்கும். அதில் பாதி இங்கே பொருந்தாது.

யூரோ எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

நீங்கள் யார்?

பிரான்சில் வேலை அல்லது குடும்ப அடிப்படையில் வதிவிட அட்டை பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவருக்குச் சிக்கல் எதுவுமில்லை. அவர் இன்னும் இலங்கைக் குடிமகன், தன் பெயரிலேயே வாங்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறவராக இருந்தால், அது கைக்கு வருவதற்கு முன்னமே காணி விடயத்தை முடித்துவிடுவது நல்லது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அகதி அந்தஸ்தோடு பத்து வருடக் காட் வைத்திருப்பவரும் சட்டப்படி இலங்கைக் குடிமகன்தான். பலருக்கு இது தெரிவதில்லை. நம் முறையில் விற்பனை உறுதியில் கையெழுத்திடுபவர் விற்பவர். வாங்குபவர் பதுளை வரை வந்து நிற்கவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் இவர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் பாரிசில் இருக்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு எடுப்பதும், ஊருக்குப் போய்வருவதும், சொந்த நாட்டின் பாதுகாப்பை அவர் திரும்ப ஏற்றுக்கொண்டதாக எண்ண இடம் கொடுக்கும். அகதிகள் அலுவலகமான ஒஃப்ப்ரா அந்தஸ்தை நீக்க அது காரணமாகலாம். அட்டோர்னித் தத்துவம் எழுதத் தூதரகப் படி ஏறுமுன் பிரான்சிலுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். பத்துப் பேர்ச்சுக்காகப் பத்து வருடக் காட்டைப் பணயம் வைக்கக்கூடாது.

மூன்றாமவர் பிரெஞ்சுக் குடிமகனாகிவிட்டவர். அதிகம் யோசிக்கவேண்டியவர் இவர்தான். இவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது இரட்டைக் குடியுரிமை. இலங்கை இதை 1987 இல் கொண்டுவந்து, 2011 இல் நிறுத்தி, 2015 இல் மீண்டும் திறந்தது. பிரான்சுக்கு ஆட்சேபனை இல்லை. 55 வயது கடந்தவர், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர், இலங்கையில் சொத்தோ வைப்புப் பணமோ காட்டக்கூடியவர் என்று பல பிரிவுகளில் விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் காணிச் சட்டத்தின் தடை உங்களைத் தொடாது. நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது, அதுதான் நட்டம். நம்மவர்களை இங்கே இழுத்தடிப்பது பெயர்தான். தோட்டத்துப் பிறப்புகள் ஒரு காலத்தில் துரையின் கந்தோர் வழியாகப் பதியப்பட்டவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து. பிரான்சுக்குப் போனதும் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி முன்னால் வந்து நின்றிருக்கும். அகதியாக இருந்தவருக்கு ஒஃப்ப்ரா தந்த பிறப்புச் சான்று இன்னொரு கணக்கு. இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நிறுவும் சத்தியக்கடதாசியையும் திருத்தங்களையும் முதலில் செய்யுங்கள். கட்டணத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம்.

இரண்டாவது, பெற்றோர் வழி. 2014 இன் சட்டம் நெருங்கிய உறவினரின் காணி நன்கொடையாகவோ, மரணசாசனத்தாலோ, வாரிசு உரிமையாலோ வெளிநாட்டவருக்கு வருவதைத் தடுக்கவில்லை. அம்மாவின் பெயரில் காணி இருந்தால் அவர் உங்களுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். எழுதும்போது அம்மாவுக்குச் சீவிய உரித்தை ஒதுக்கி எழுதவையுங்கள். வயதான காலத்தில் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கும் நிலை அவருக்கு வரக்கூடாது. பெற்றோர் உயிரோடிருந்து, உங்களுக்கு அவசரமுமில்லை என்றால், என் கணக்கில் இதுவே செலவு குறைந்த, சிக்கல் குறைந்த வழி. விற்பனைக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாய்க்கு 3 சதவீதம், மீதிக்கு 2 சதவீதம்தான்.

மூன்றாவது குத்தகை. வெளிநாட்டவரும் 99 வருடம் வரை குத்தகை எடுக்கலாம். எல்லவில் விருந்தினர் விடுதி நடத்த நினைப்பவருக்கு இது போதும். அம்மாவுக்கு வீடு கட்ட நினைப்பவருக்கு இது வேண்டாம்.

நான்காவது, ஊரிலுள்ள உறவினர் பெயரில் வாங்குவது. "காசை அனுப்புண்ணே, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்." அன்போடு சொல்லப்படுவதுதான், பெரும்பாலும் உண்மையாகச் சொல்லப்படுவதும்கூட. ஆனால் உறுதியில் தம்பியின் பெயர் இருந்தால் காணி தம்பியுடையது. அவர் அதை ஈடு வைக்கலாம். மரணசாசனம் எழுதாமல் அவர் இறந்தால் பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரியது, மலையகத்தாருக்குப் பொருந்துவது பொதுச் சட்டம். உண்மையில் பணம் போட்டது நான்தான் என்று நீதிமன்றம் போனாலும், வாங்கவே தடையிருந்த ஆள் வேறொருவர் பெயரில் வாங்கினேன் என்று சொல்ல வேண்டிவரும். அந்த வழக்கை எந்தச் சட்டத்தரணியும் விரும்பி எடுக்கமாட்டார். தம்பி நல்லவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. தம்பி இறந்தபின் யார் பேசப்போகிறார் என்பதுதான் கேள்வி. அண்ணன் தம்பிக்குள் இதை வாய்விட்டுப் பேசக் கூச்சமாக இருக்கிறதென்றால், தம்பிக்கே ஒரு வீடு வாங்கிக் கொடுத்ததாக நினைத்து அனுப்பும் தொகைக்கு மேல் இந்த வழியில் போடவேண்டாம்.

காணி எப்படிப்பட்டது?

ஆள் தகுதியானவராக இருந்தும் காணி தகுதியில்லாமல் போகலாம். பதுளையில் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விற்பனைக்கு வரும் காணியில் நீங்கள் தேடவேண்டியது சின்னக்கர உறுதியுள்ள தனியார் காணி. பண்டாரவளை, தியத்தலாவ, பதுளை நகரைச் சுற்றி இவை கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். அதைவிடப் பாதி விலையில் ஒரு காணியைக் காட்டினால், அது பெரும்பாலும் 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியாகவோ அளிப்புக் காணியாகவோ இருக்கும். பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அதை விற்க முடியாது, விற்றால் செல்லாது. இருபது வருடமாக இவர்தான் பயிர் செய்கிறார் என்று ஊரே சாட்சி சொன்னாலும் நிலை அதுதான்.

தோட்டக் காணி இன்னொரு உலகம். ஸ்பிரிங்வெளி, தெமோதர, பூனாகலை என்று நீங்கள் பெயர் சொல்லும் பெருந்தோட்டங்களின் நிலம் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசுடைமையானது. அவற்றை நடத்தும் கம்பனிகளிடம் இருப்பது நீண்டகாலக் குத்தகை மட்டும்தான், நிலத்தின் சொந்தக்காரர் அரசு. ஆகவே லயத்துக் காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. அதை 'வாங்கினேன்' என்பவரிடம் இருப்பது ஒரு கைக்கடிதம் மட்டுமே. இருந்தும் வெளிநாட்டுக் காசில் லயத்தோடு சேர்த்துக் கொன்கிரீட் போட்டு, டைல்ஸ் பதித்து, மேல்மாடி எழுப்பிய காம்பராக்கள் உவாத் தோட்டங்களில் உண்டு. பெற்றோர் நனையாமல் இருக்கக் கூரையை மாற்றுங்கள், கழிவறை கட்டிக் கொடுங்கள். அதற்கு மேல் போடுவது முதலீடு அல்ல. தனிவீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் உறுதி கிடைத்த குடும்பமென்றால் நிலை மேல். ஆனாலும் அந்த உறுதியிலுள்ள நிபந்தனைகளை நொத்தாரிசு ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தபிறகே மாடி எழுப்பும் பேச்சைத் தொடங்குங்கள்.

தனியார் தேயிலைக் காணியைத் துண்டு துண்டாக்கி விற்கும் விளம்பரங்களையும் காண்பீர்கள். தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958 முதல் சட்டம் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே பிரான்சுப் பழக்கம் ஒன்று உங்களைக் கெடுக்கும். அங்கே நொத்தேர் ஓர் அரச அதிகாரி போன்றவர். பணம் அவர் கணக்கு வழியாகப் போகும், உரித்தை அவர் சரிபார்ப்பார். முற்பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகும் வீடு வாங்குபவர் மனம் மாறப் பத்து நாள் தவணை உண்டு. அதற்கெல்லாம் சேர்த்துப் பழைய வீட்டுக்கு 7, 8 சதவீதம் செலவாகும். நம் நொத்தாரிசு, 1840 இன் கட்டளைச் சட்டம் கேட்கிறபடி, இரண்டு சாட்சிகளுக்கு முன் உறுதியை நிறைவேற்றித் தருவார். உரித்தைத் தேடச் சொல்லி நீங்கள் தனியாகக் கேட்டு, தனியாகக் காசு கொடுக்கவேண்டும். முப்பது வருடத்துப் பதிவைப் பதுளைக் காணிப் பதிவகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அழைத்து வந்த நொத்தாரிசை நம்பி அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து நாள் தவணையும் இங்கே கிடையாது.

எந்த மாதத்தில் பார்ப்பது?

பிரான்சிலிருந்து வருபவர்கள் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஏற்ப ஓகஸ்டில் வருகிறார்கள். உவாவுக்கு அது கச்சான் அடிக்கும் காலம். கொழுந்து வாசம் கூடும், வானம் தெளிந்திருக்கும், எந்தச் சரிவும் அழகாகத் தெரியும். அந்த மாதத்தில் தண்ணீரைப் பாருங்கள்: ஊற்று ஓடுகிறதா, பக்கத்து வீட்டார் குடத்தோடு எங்கே போகிறார்கள் என்று. நிலத்தை மட்டும் அந்த மாதத்தில் தீர்மானிக்கவேண்டாம். பதுளைக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபர் கடைசி தொடங்கி வரும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 இல். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கட்டிட அனுமதிக்கு எப்படியும் கேட்பார்கள். அதை வாங்கியபின் கேட்காமல், முற்பணம் கொடுக்குமுன் கேளுங்கள். நவம்பரில் ஒருமுறை நம்பகமான ஒருவரை அனுப்பி, சாய்ந்த மரங்களையும், சுவர் வெடிப்பையும், புதிதாகக் கசியும் ஊற்றையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு காணிகளில் ஒன்றைத் தேர்வதென்றால், காட்சி நல்லதைவிட மேலே வெட்டிய பாதையில்லாத காணியையே நான் எடுப்பேன்.

வாங்கியபின் யாரையாவது குடிவைப்பீர்கள். 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் உரித்துக் கோரலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அந்தக் கோரிக்கை எளிதில் நிற்காது. ஆனால் அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும். சின்னத் தொகைக்கு ஒரு வாடகை ஒப்பந்தம், வருடாவருடம் ஒரு ரசீது போதும். சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்றாலும் எழுதுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். வெளிநாட்டில் வதிவோருக்கென்றுள்ள உள்முக முதலீட்டுக் கணக்கின் ஊடாக வந்த பணத்தை, பிற்காலத்தில் விற்றால் திரும்ப எடுத்துச்செல்ல வழியுண்டு. உண்டியலில் வந்த பணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, வெளியே போக வழியும் கிடையாது. பிரான்சில் வரி வதிவாளராக இருந்தால் இங்குள்ள வங்கிக் கணக்கை 3916 ஆம் படிவத்தில் வருடாவருடம் காட்டவேண்டும். மறைத்தால் ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். பதுளை வீட்டின் வாடகையையும் அங்கே அறிவிக்கவேண்டும். 1981 இல் இரு நாடுகளும் செய்த உடன்பாடு இரட்டை வரியைத் தவிர்க்க இருக்கிறது, அறிவிக்காமல் விட அல்ல.

ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உழைத்துக் கட்டிய ஓய்வூதியம் பதுளைக்கும் வரும், உயிருடன் இருப்பதற்கான சான்றை அனுப்பிக்கொண்டிருந்தால் போதும். குறைந்த வருமானமுள்ள முதியோருக்குப் பிரான்ஸ் தரும் மேலதிகக் கொடுப்பனவு அப்படியல்ல. 2023 செப்டம்பர் முதல், வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் வாழ்ந்தால்தான் அது கிடைக்கும். சமையலறை வேலை, கட்டிட வேலை என்று குறைந்த சம்பளத்தில் காலம் கழித்த பலருக்கு அந்தக் கொடுப்பனவுதான் ஓய்வூதியத்தை நிரப்புகிறது. அதை விட்டுவிட்டு வர முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே நிரந்தரமாக இங்கே தங்கும் வீட்டுக்கு வரைபடம் போடுங்கள்.

கடைசியாக, பிரான்சில் பிறந்த பிள்ளைகள். நீங்கள் இலங்கைக் குடிமகனாகவோ இரட்டைக் குடிமகனாகவோ இருந்தபோது பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகம் வழியாகப் பதிந்தால், அதற்கும் இலங்கைக் குடியுரிமை உண்டு. தவறவிட்டவர்களும் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அகதி அந்தஸ்தில் இருக்கும் பெற்றோர் மட்டும் இதற்காகவும் தூதரகம் போகுமுன் சட்டத்தரணியிடம் கேட்கவேண்டும்.